800 ஓம் ஸ்பீக்கரும் 8 ஓம் வால்வு ஆம்ப்ளிஃபயரும்

பழைய பிலிப்ஸ் வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் வகை) ஒன்றிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். சாதாரண 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டர் 6 அல்லது 7 காட்டும். இது 600-ஐத் தாண்டி நின்றது. முனைகளில் களிம்பு ஏறியிருக்கும் என்று நினைத்துச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன். அதே எண்தான். சரி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், போய்விட்டது என்று ஓரமாக வைக்கப் போகும்போதுதான் காந்தத்தின் பின்னால் மங்கிப்போன எழுத்துகள் கண்ணில் பட்டன. துணியால் துடைத்துப் படித்தால், 800 ஓம். ஸ்பீக்கரில் எந்தக் குறையும் இல்லை. நான் சொந்தமாகக் கட்டி வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் அதற்கு ஏற்றதாக இல்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஸ்பீக்கர்கள் "செத்துவிட்டது" என்று பழைய இரும்புக் கடைக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும். 800 ஓம் ஸ்பீக்கரோ, திருவிழாவில் கட்டும் 16 ஓம் குழாய் ஸ்பீக்கரோ, காரிலிருந்து கழற்றிய 4 ஓம் ஸ்பீக்கரோ, எதையும் பாட வைக்கலாம். அந்த ஒரு விஷயம் இதுதான்: வால்வுக்கு உங்கள் ஸ்பீக்கரைத் தெரியாது. நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எதைக் காட்டுகிறதோ அதைத்தான் வால்வு பார்க்கிறது.

என் ஆம்ப்ளிஃபயரையே எடுத்துக்கொள்வோம். கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு இ.எல்.84 வால்வு. 1950-களில் ஐரோப்பிய ரேடியோக்களில் எங்கும் நிறைந்திருந்த வால்வு இது. அமெரிக்காவில் இதையே 6பி.க்யூ.5 என்பார்கள். ப்ளேட் என்ற அதன் வெளியீட்டு முனைக்கு 250 வோல்ட் கொடுத்தால் 48 மில்லி ஆம்பியர் ஓடும், 5 வாட் அளவுக்கு ஒலி கிடைக்கும்.

அந்த 5 வாட் வால்வில் ஒரு உருவத்தில் இருக்கிறது, ஸ்பீக்கரில் வேறு உருவத்தில் இருக்கிறது. வால்வின் பக்கம் சுமார் 158 வோல்ட், 32 மில்லி ஆம்பியர். வோல்டேஜ் ஏராளம், கரண்ட் சொற்பம். 8 ஓம் ஸ்பீக்கரின் பக்கம் அதே 5 வாட் 6.3 வோல்ட்டாகவும் 0.8 ஆம்பியராகவும் இருக்க வேண்டும். வோல்டேஜ் சொற்பம், கரண்ட் ஏராளம்.

கடப்பாரையால் பாறாங்கல்லை நெம்புவதை நினைத்துப் பாருங்கள். கைப்பிடிப் பக்கம் நீங்கள் இரண்டு அடி கீழே அழுத்துகிறீர்கள், பெரிய பலம் தேவையில்லை. கல்லின் பக்கம் முனை ஓர் அங்குலம்தான் நகர்கிறது, ஆனால் பெரும் பலத்தோடு நகர்கிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கடப்பாரை. வால்வின் நீண்ட, மெலிந்த அசைவை வாங்கிக் குறுகிய, வலுவான அசைவாக ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறது. என் டிரான்ஸ்ஃபார்மரில் வால்வுப் பக்கம் ஸ்பீக்கர் பக்கத்தைப் போல 25 மடங்கு சுற்றுகள். 158-ஐ 25-ஆல் வகுத்தால் 6.3. கணக்கு சரியாக வருகிறது.

இனி வருவதுதான் முக்கியமான இடம். வோல்டேஜ் 25-இல் ஒரு பங்காகிறது, கரண்ட் 25 மடங்காகிறது. ஓம் என்பது வோல்டேஜை கரண்ட்டால் வகுத்துக் கிடைப்பது. அதனால் ஓம் கணக்கில் 25 மடங்கு இரண்டு முறை வருகிறது: 25 × 25 = 625. ஸ்பீக்கர் முனையில் 8 ஓம் கட்டினால் வால்வின் பக்கம் 8 × 625 = 5000 ஓம் தெரியும். இ.எல்.84 கேட்பதும் ஏறக்குறைய அதுதான். மற்றதெல்லாம் இந்த ஒரு பெருக்கலின் கிளைகள்.

வால்வு ஏன் 5000 ஓம் கேட்கிறது? நெம்பும் புள்ளி கல்லுக்கு வெகு தள்ளி இருந்தால், முழுப் பலத்தையும் போட்டு முடித்த பிறகும் கல் அசையாது. ரொம்ப ஒட்டி இருந்தால், கடப்பாரை தரையைத் தொட்ட பிறகும் கல் மயிரிழைதான் நகர்ந்திருக்கும். வால்வும் அப்படித்தான். ஓம் குறைந்தால், வோல்டேஜ் முழுதாக ஆடுவதற்குள் கரண்ட் தீர்ந்துபோகிறது. ஓம் கூடினால், கரண்ட் மிச்சமிருக்கும்போதே வோல்டேஜ் தீர்ந்துபோகிறது. இரண்டிலும் வாட் குறையும், ஒலி சிதையும். இரண்டும் ஒன்றாகத் தீரும் இடம்தான் வால்வுக்கு உகந்த சுமை.

இப்போது அதே 8 ஓம் முனையில் வேறு ஸ்பீக்கர்களைக் கட்டிப் பார்ப்போம். 4 ஓம் கட்டினால் வால்வு பார்ப்பது 2500. பாடும், ஆனால் சீக்கிரமே கரகரக்கும். 16 ஓம் கட்டினால் 10,000. அதுவும் பாடும். 800 ஓம் கட்டினால்? 800 × 625 = 5,00,000. வால்வின் கண்ணுக்கு அங்கே எதுவுமே கட்டப்படவில்லை.

எதுவும் கட்டாமல் விடுவது வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்து. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே ஸ்பீக்கர் ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் பயம், கழன்றிருந்தால் பயமில்லை. இங்கே கழன்றிருப்பதுதான் பயம். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் காந்த சக்தி தேங்கி நிற்கிறது. பாட்டின் உச்சத்தில் வால்வு சட்டென்று கரண்ட்டை அறுக்கும்போது, தேங்கியது வெளியேற வழி கேட்கும். ஸ்பீக்கர் இருந்தால் அதன் வழியே ஒலியாகப் போய்விடும். இல்லாவிட்டால் வோல்டேஜாகத் திமிறி எழுந்து, 250 வோல்ட் ஓடும் இடத்தில் அதைப் போலப் பல மடங்கு ஏறும்.

எனக்கு இது ஒருமுறை நடந்தது. மேசையை ஒழுங்குபடுத்தும்போது ஸ்பீக்கர் ஒயர் கழன்றதைக் கவனிக்காமல் பாட்டைப் போட்டு, சத்தம் வரவில்லையே என்று வால்யூமைக் கூட்டினேன். வால்வு சாக்கெட்டின் அடியில் நீலமாக ஒரு பொறி தாவியது, சடக்கென்று ஒரு ஒலி. அணைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால், பேக்கலைட் சாக்கெட்டில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்குப் பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு கரிக் கோடு. கரி மின்சாரத்தைக் கடத்தும். சுரண்டினாலும் அந்த வழி அழியாது, அடுத்த பொறி அதே பாதையில்தான் ஓடும். சாக்கெட்டையே மாற்ற வேண்டி வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் தப்பியது. அன்றிலிருந்து ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக ஈயத்தால் ஒட்டி வைத்திருக்கிறேன். ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியில் சிறு பங்கை அது தின்னும். முழுக் காப்பும் ஆகாது. ஆனால் தேங்கிய சக்திக்கு ஒரு வாய்க்கால் இருக்கும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். மேலே அச்சிட்டிருப்பதை நம்பிவிட வேண்டாம், பழைய பெட்டியிலிருந்து எடுத்ததாக இருந்தால் அச்சே இருக்காது. அதை ஆம்ப்ளிஃபயரிலிருந்து முழுதாகக் கழற்றிக்கொள்ளுங்கள். ஒரு சிறிய 12 வோல்ட் ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டை வால்வுப் பக்கச் சுற்றில் கொடுத்து, இரண்டு பக்கமும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். எனக்கு உள்ளே 12.4, வெளியே 0.49 வந்தது. வகுத்தால் 25.3, அதையே அதால் பெருக்கினால் 640. மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. ஸ்பீக்கர் பக்கம் 12 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் 300 வோல்ட் எழும்.

குழாய் ஸ்பீக்கரை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். மைக் செட்காரர்கள் கட்டும் குழாயின் பின்னால் திருகியிருக்கும் யூனிட் பெரும்பாலும் 16 ஓம். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் 4, 8, 16 என்று தனித்தனி டேப் (சுற்றிலிருந்து வெளியே எடுத்த முனை) இருந்தால், 16-இல் கட்டினால் வேலை முடிந்தது. 8 மட்டும் இருந்தால் இரண்டு யூனிட்களை இணையாகக் கட்டுங்கள், 16-ம் 16-ம் சேர்ந்து 8 ஆகிவிடும். ஒன்றே ஒன்றைக் கட்டினாலும் வால்வு பார்ப்பது 10,000 ஓம். வாட் குறையும், ஆனால் குழாய்க்கு ஒரு வாட்டே தெருவுக்குக் கேட்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தாழ்ந்த ஒலிகளை அந்தச் சிறிய தகடு தாங்காது. வரிசையில் 33 மைக்ரோ ஃபேரட் கண்டன்சர் ஒன்று, பிளஸ் மைனஸ் இல்லாத வகை, போட்டால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை படிப்படியாக அடங்கிவிடும்.

இனி 800 ஓம். பிலிப்ஸ் ஏன் இப்படி ஒன்றைச் செய்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கனமானது, விலை கூடியது. செம்பும் இரும்பும் தாராளமாகப் போட்டால்தான் தாழ்ந்த ஒலியும் உச்ச ஒலியும் ஒருசேர வரும். சிக்கனம் பிடித்தால் இரண்டு முனையும் தேய்ந்துவிடும். பிலிப்ஸ் பொறியாளர்கள் 1950-களில் வேறு வழியைப் பிடித்தார்கள். வால்வை ஸ்பீக்கருக்கு ஏற்ப இறக்குவதற்குப் பதில் ஸ்பீக்கரை வால்வை நோக்கி ஏற்றினார்கள். வாய்ஸ் காயிலை மயிரிழை போன்ற கம்பியால் நிறையச் சுற்றுகள் சுற்றி 800 ஓம் ஆக்கினார்கள். இன்னொரு பக்கம் குறைந்த வோல்டேஜில் நிறைய கரண்ட் தரும் இ.எல்.86 என்ற வால்வு இருந்தது. அதில் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுப்புள்ளியிலிருந்து ஒரு கண்டன்சர் வழியாக நேராக ஸ்பீக்கருக்குக் கொடுத்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரே இல்லை.

அந்தக் கண்டன்சரில்தான் இந்த யோசனையின் அழகு இருக்கிறது. 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கி ஒலிக்க, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1000 மைக்ரோ ஃபேரட் வேண்டும். 800 ஓமுக்கு 10 போதும். ஓம் நூறு மடங்கு ஏறினால் கண்டன்சர் நூறில் ஒன்றாகிறது. நல்ல 10 மைக்ரோ ஃபேரட் ஃபிலிம் கண்டன்சர் ஒன்று உள்ளங்கையில் அடங்கிவிடும்.

பிலிப்ஸ் இதே உருவத்தில் சாதாரண ஓம் ஸ்பீக்கர்களையும் செய்தது. அதனால் தோற்றத்தை வைத்து அடையாளம் காண முடியாது. 9710 எம் என்பது 7 ஓம், 9710 ஏ.எம். என்பது 800 ஓம். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் அந்த எழுத்தைத் தேடிப் படியுங்கள்.

அப்படியானால் என் இ.எல்.84 ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு இதை எப்படிப் பாட வைப்பது? வால்வு 5000 கேட்கிறது, ஸ்பீக்கர் 800. 5000-ஐ 800-ஆல் வகுத்தால் 6.25, அதன் வர்க்கமூலம் 2.5. அதாவது 25-க்கு ஒன்று அல்ல, இரண்டரைக்கு ஒன்று விகிதத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். சுற்றித் தருபவர் தெரிந்தால் இதுவே நேர்வழி. அவரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: விகிதம், அப்புறம் இதன் வழியே 48 மில்லி ஆம்பியர் டி.சி. எப்போதும் ஓடும் என்பது. இரண்டாவதைச் சொன்னால்தான் இரும்புத் தகடுகளுக்கிடையே காகிதம் வைத்து இடைவெளி விட்டுக் கட்டுவார். இடைவெளி இல்லாவிட்டால் அந்த டி.சி.யே இரும்பைக் காந்தத்தால் நிரப்பிவிடும், பாட்டுக்கு இடமிருக்காது.

நான் சுற்றக் கொடுக்கவில்லை. அதைவிட மலிவான ஒரு பொருள் நம் ஊரில் மைக் செட் சாமான் விற்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருப் பக்கம் கேட்டுப் பாருங்கள். லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் என்பார்கள். திருவிழாவில் கோயிலிலிருந்து ஊர் எல்லை வரை ஒயர் இழுத்துக் குழாய் கட்டும்போது, 16 ஓம் ஸ்பீக்கருக்கு நேராகக் கொடுத்தால் சக்தியில் பெரும்பங்கு ஒயரிலேயே சூடாகப் போய்விடும். அதனால் ஆம்ப்ளிஃபயரில் 100 வோல்ட்டாக ஏற்றி அனுப்பி, குழாய் அருகே இந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரால் இறக்கிக்கொள்வார்கள். மின்சார வாரியம் ஊருக்கு ஊர் உயர் அழுத்தத்தில் அனுப்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

அதன் முனைகளில் ஓம் எழுதியிருக்காது, 5 வாட், 10 வாட், 20 வாட் என்றுதான் இருக்கும். ஓம் ஆக்குவது எளிது. 100 வோல்ட் லைனுக்கு, 10,000-ஐ வாட்டால் வகுங்கள். 10 வாட் முனை 1000 ஓம். 5 வாட் முனை 2000. 20 வாட் முனை 500.

இதைத் திருப்பிப் போட்டேன். ஆம்ப்ளிஃபயரின் 8 ஓம் வெளியீட்டை லைன் டிரான்ஸ்ஃபார்மரின் 8 ஓம் பக்கத்தில் கொடுத்தேன். 10 வாட் முனையில் 800 ஓம் ஸ்பீக்கர். 1000 எதிர்பார்க்கும் இடத்தில் 800 கட்டியிருப்பதால், மறுபக்கம் 8-க்குப் பதில் 6.4 ஓம் தெரியும். அதை 625-ஆல் பெருக்கினால் வால்வு பார்ப்பது 4000. இ.எல்.84 இதை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். உங்களுக்குக் கிடைத்ததில் ஸ்பீக்கர் பக்கம் 16 ஓம் என்று இருந்தால் 5 வாட் முனையைப் பிடியுங்கள், அதே 6.4 வந்துவிடும்.

இதில் எனக்கு முதலில் ஒரு தயக்கம் இருந்தது. இவை பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் செய்தவை, தாழ்ந்த ஒலியில் இரும்பு நிறைந்துவிடாதா? நிறையும். ஆனால் இந்த முனை 100 வோல்ட்டுக்குச் செய்தது. நாம் முழு 5 வாட் அனுப்பினாலும் 800 ஓமில் 63 வோல்ட்தான் எழும். இரும்புக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. ஆகவே வாட் கூடிய, உடம்பு கனமான டிரான்ஸ்ஃபார்மராகப் பார்த்து வாங்குங்கள். 63 வோல்ட் ஸ்பீக்கர் முனையில் இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஒயரைப் பாட்டு ஓடும்போதே கையில் பிடித்துப் பழகியவர்கள் இங்கே அப்படிச் செய்யக் கூடாது.

ஃபீட்பேக் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்களில் இன்னொரு கவனம் தேவை. வெளியீட்டில் சிறு பங்கை ஒரு ரெசிஸ்டர் வழியே முன் வால்வுக்குத் திருப்பி அனுப்பித் தவறுகளைத் திருத்திக்கொள்வதுதான் ஃபீட்பேக். அந்த ஒயரை 8 ஓம் டேப்பிலிருந்து 16 ஓம் டேப்புக்கு மாற்றினால் அங்கே வோல்டேஜ் 1.4 மடங்கு. ரெசிஸ்டரையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கூட்ட வேண்டும். லைன் டிரான்ஸ்ஃபார்மர் வழியில் போனால் ஃபீட்பேக் ஒயரைத் தொடவே வேண்டாம், பழைய 8 ஓம் முனையிலேயே இருக்கட்டும். இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரையும் அந்த வளையத்துக்குள் இழுத்தால், ஒவ்வொன்றும் ஒலியைச் சற்றுத் தாமதிக்க, திருத்த வேண்டியது தூண்டுவதாக மாறி ஊளையிடும்.

என் ஆம்ப்ளிஃபயரில் ஃபீட்பேக் இல்லை. அதன் விளைவு என்ன என்பதை நீங்களே கைவிரலால் கேட்கலாம். எதிலும் கட்டாத ஒரு ஸ்பீக்கரை எடுத்து, கூம்பை மெல்லத் தட்டுங்கள். "தொம்" என்று இழுக்கும். இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். "தப்" என்று வெட்டி நிற்கும். கூம்பு அசையும்போது காயில் தானே மின்சாரத்தை உண்டாக்குகிறது, முனைகள் இணைந்திருந்தால் அது சுற்றி ஓடி அசைவைப் பிடித்து நிறுத்துகிறது. நல்ல ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கருக்கு அந்த ஒயர் துண்டு போல இருக்க வேண்டும். ஃபீட்பேக் இல்லாத பென்டோடு வால்வு (இ.எல்.84 போன்ற ஐந்து முனை வகை) திறந்த முனை போல இருக்கும், அதனால் மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் கூடுதலாகவே முழங்கும். இ.எல்.84-இன் ஸ்கிரீன் கிரிட் என்ற முனையை 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக ப்ளேட்டோடு இணைத்து, மூன்று முனை வால்வு போல, அதாவது டிரையோடு ஆக்கினால் பிடிப்பு வரும். வாட் 2 அளவுக்கு இறங்கிவிடும். வீட்டு அறைக்கு அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது, அந்தத் தெளிவுக்காக மூன்று வாட்டை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து.

எல்லா வினோத ஸ்பீக்கருக்கும் இதே பெருக்கல் செல்லும் என்று நினைக்க வேண்டாம். 1957-இல் இங்கிலாந்தில் குவாட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் காயிலே இல்லாதது, அடிப்படையில் ஒரு பெரிய கண்டன்சர். தாழ்ந்த ஒலியில் அதன் ஓம் நிறைய, உச்ச ஒலியில் இரண்டு ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு அதற்குக் கணக்குப் போட முடியாது. தொடக்கத்திலேயே அதில் கை வைக்காதீர்கள்.

வேலை தொடங்கும் முன் செய்ய வேண்டியதை அழுத்திச் சொல்கிறேன். உள்ளே 250 வோல்ட் டி.சி. இருக்கிறது, அது உயிரை எடுக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். காப்பிட்ட ஒயரில் கோர்த்த ஒரு பவர் ரெசிஸ்டரால் அதை வடித்துவிட்டு, மீட்டரில் வோல்ட் சுழியத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கையை உள்ளே விடுங்கள். ஒவ்வொரு முறையும்.

என் 800 ஓம் ஸ்பீக்கர் இப்போது ஒரு பலகையில் திருகப்பட்டு, பின்னால் லைன் டிரான்ஸ்ஃபார்மரைச் சுமந்துகொண்டு பாடுகிறது. காலை வானொலிச் செய்தியில் வாசிப்பவர் தாளைத் திருப்பும் ஒலிகூடக் கேட்கிறது. இரண்டு இ.எல்.86 வால்வுகளும் வாங்கி வைத்திருக்கிறேன். அடுக்கில் மேலே உட்காரும் வால்வின் கேத்தோடு (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) சுமார் 150 வோல்ட்டில் நிற்கும், அதைச் சூடாக்கும் ஹீட்டருக்குத் தனிச் சுற்று வைப்பது நல்லது. அந்தப் பவர் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றக் கொடுத்திருக்கிறேன்.